நொடித்துப்போன கேப்டன்களின் வீடு: மைல் எண்டு டிரினிட்டி ஆம்ஸ்ஹவுஸ் இடிபடாமல் தப்பிய கதை

கிழக்கு லண்டனில் மைல் எண்டு சாலை அகலமானது, எப்போதும் இரைச்சலாக இருப்பது. அந்தச் சாலையோரம், இரும்புக் கம்பி வேலிக்குப் பின்னால், எதிரும் புதிருமாக இரண்டு வரிசைச் செங்கல் வீடுகள் நிற்கின்றன. நடுவே புல்தரை, கடைசியில் ஒரு சின்னத் தேவாலயம். 1695-ல் கட்டிய இந்த இடத்தை அதன் சொந்தக்காரர்களே 1895-ல் இடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். இடிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை, யார் எதைப் பிடித்து நிறுத்தினார்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அங்கே குடியிருந்தவர்களுக்கும் இடிக்க எண்ணிய நிர்வாகிகளுக்கும் இதில் பெயர் இல்லை. பொது வரலாற்றில் ஏற்கெனவே இருக்கும் சில பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி: இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

ஆம்ஸ்ஹவுஸ் என்றால் நமக்குச் சட்டென்று சத்திரம் நினைவுக்கு வரும். அது சரியில்லை. சத்திரத்தில் வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவார். ஆம்ஸ்ஹவுஸில் வயதானவர் ஒருவர் சாகும்வரை இருக்கலாம். வாடகை கிடையாது. பல இடங்களில் கைச்செலவுக்குக் காசு, விறகு அல்லது நிலக்கரி, ஆண்டுக்கு ஒரு அங்கி என்று கூடவே ஏதாவது கிடைக்கும். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது, கொடுத்தவரின் ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை. ஆரம்பத்தில் கணக்கு அப்படித்தான் இருந்தது.

வின்செஸ்டரில் இருக்கும் செயின்ட் கிராஸ் 1130-களில் தொடங்கியது. அங்கே பிஷப்பாக இருந்த பிளாவின் ஹென்றி, உழைக்க முடியாத 13 ஏழைகள் தங்கவும், வாசலுக்கு வரும் 100 பேர் தினமும் சாப்பிடவும் ஏற்பாடு செய்தார். 1445-ல் கார்டினல் போஃபோர்ட் வேறொரு பிரிவைச் சேர்த்தார். அது நல்ல குடும்பத்தில் பிறந்து வறுமைக்கு வந்தவர்களுக்கானது. இன்றும் அங்கே கறுப்பு அங்கிக்காரர்கள், சிவப்பு அங்கிக்காரர்கள் என்று இரண்டு வகையாரைப் பார்க்கலாம். வாசலில் கேட்டால் வழிப்போக்கருக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் பீரும் இன்னும் கொடுக்கிறார்கள்.

எட்டாம் ஹென்றி காலத்தில் மடாலயங்கள் கலைக்கப்பட்டன. அவர் மகன் காலத்தில், 1547-ல், இறந்தவருக்காகப் பிரார்த்திக்க வைத்திருந்த கொடைகளும் போயின. ஆன்மாவுக்குப் பிரார்த்தனை என்ற பழைய பேரம் அதோடு செல்லாமல் போயிற்று. ஆனால் கொடுப்பது நிற்கவில்லை. வணிகர்கள், தொழிற்குழுக்கள், பிஷப்புகள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பிரார்த்தனை கேட்ட இடத்தில் வாசலில் பெயர் பொறித்த கல் வந்தது. 1601-ல் வந்த சட்டம் எது எது தருமம் என்று ஒரு பட்டியலே கொடுத்தது. அதில் முதியோர், ஏழைகளோடு, நோயுற்ற, ஊனமுற்ற மாலுமிகளும் இருந்தார்கள். நம் கதைக்கு இந்தப் பட்டியல் முக்கியம். தருமம் என்று சட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டால், அதைக் கொடுத்தவர்கூடப் பிறகு இஷ்டத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

கட்டட வடிவமும் கூடவே மாறிற்று. பழைய வடிவம் ஒரே பெரிய கூடம்: இரு பக்கமும் படுக்கைகள், கோடியில் பலிபீடம், படுத்தபடியே பூசை பார்க்கலாம். சிச்செஸ்டரில் செயின்ட் மேரி ஆம்ஸ்ஹவுஸ் அந்த மாதிரிதான். 13-ம் நூற்றாண்டுக் கூரைக்கு அடியில் தடுப்புப் போட்டுச் சிறு வீடுகளாக்கி இன்றும் மக்கள் இருக்கிறார்கள். அடுத்து வந்தது முற்றம் வைத்த கட்டு, கல்லூரிகளைப் போல. ஆர்ச்பிஷப் விட்கிஃப்ட் குரோய்டனில் 1590-களில் கட்டியது அந்த வகை. நுழைவாயில் கதவைச் சாத்திவிட்டால் ஊர் வெளியே நிற்கும். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பக்கச் சுவரைத் திறந்துவிட்டார்கள். மூன்று பக்கம் கட்டடம், நாலாவது பக்கம் வேலியும் தெருவும். கொடையாளியின் தாராளத்தைத் தெருவில் போகிறவர் பார்க்க வேண்டும் அல்லவா! மைல் எண்டு இந்த மூன்றாவது வகை.

மைல் எண்டில் கட்டியது

டிரினிட்டி ஹவுஸ் என்பது 1514-ல் எட்டாம் ஹென்றி பட்டயம் கொடுத்த கடலோடிகளின் அமைப்பு. கலங்கரை விளக்கங்களும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளும் அவர்கள் பொறுப்பு. இளைத்துப்போன மாலுமிகளையும் விதவைகளையும் காப்பாற்றுவதும் தொடக்கத்திலிருந்தே அவர்கள் வேலை. மைல் எண்டு நிலத்தைக் கொடுத்தவர் ராட்கிளிஃப் பகுதியைச் சேர்ந்த கேப்டன் ஹென்றி மட். அவர் விதவையும் பணம் போட்டார்.

இதெல்லாம் நமக்குத் தெரிவதே கட்டடத்தில் பதித்த கல்வெட்டால்தான். 28 ‘டிகேய்டு’ கப்பல் தலைவர்களையும் கேப்டன்களையும், அல்லது அவர்கள் விதவைகளையும், இங்கே பராமரிக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லை இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும், ஏதோ அழுகிப்போன கேப்டன்கள் என்பது போல. ஆனால் அன்றைக்கு அதன் பொருள் நம் ‘நொடித்துப்போன’ என்பதேதான். ஒரு காலத்தில் கப்பல் நடத்தியவர், இப்போது கையில் ஒன்றுமில்லை. பிச்சைக்காரர் அல்ல, நொடித்தவர். இந்த வித்தியாசத்துக்காகவே மொத்தக் கட்டடமும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். தெருவைப் பார்த்த இரண்டு முகப்புகளின் மேல் மூலைகளில் சிறு கப்பல் சிற்பங்கள், பாய்மரமும் கயிறுமாக. இன்று அங்கே இருப்பவை நகல்கள், அது வேறு விஷயம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, கதவுக்கு மேலே மரத்தில் வேலைப்பாடு செய்த விதானம், ஏறிப்போகப் படிகள், அடியில் பாதி நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளம். தனக்கென்று ஒரு வாசற்கதவு உள்ள மனிதன் விடுதியில் இருப்பவன் அல்ல.

குறையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குக் கட்டிய வீட்டுக்கு இத்தனை படி எதற்கு? தெருவிலிருந்து பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. முட்டி வலிக்காரருக்கு அது நல்ல ஏற்பாடு இல்லை. கட்டியவர் செயின்ட் பால்ஸ் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் என்ற பேச்சு ரொம்ப நாள் உண்டு. வில்லியம் ஆக்போர்ன் என்ற தச்சு மேஸ்திரியின் வேலை என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் சொல்வது.

பக்கத்து ஊரான பாப்லரில் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒரு ஆம்ஸ்ஹவுஸ் நடத்தியது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையை வைத்திருந்த அதே கம்பெனிதான். தேம்ஸ் கரையோரம் முழுக்கக் கடலை நம்பிப் பிழைத்த ஊர்கள். கடலில் நொடிப்பவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை.

1895: பிரச்சினை எப்படி வந்தது

இருநூறு ஆண்டுகளில் சுற்றுப்புறம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. வயலோரமாக இருந்த மைல் எண்டு, ஈஸ்ட் எண்டின் நெருக்கடிக்குள் போய்விட்டது. 1865-ல் வில்லியம் பூத் பிரசங்கம் தொடங்கி, பின்னாளில் சால்வேஷன் ஆர்மி ஆன இயக்கம் இந்த வாசலுக்கு வெளியே இருந்த திறந்த வெளியில்தான் பிறந்தது. வறுமை அங்கே அவ்வளவு.

பணப் பக்கமும் மாறியிருந்தது. கலங்கரை விளக்கத்துக்காகக் கப்பல்கள் கட்டும் தீர்வையிலிருந்து ஒரு பகுதி முன்பு தருமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1853-ல் வந்த சட்டம் அந்தத் தீர்வையை ஒரு தனி நிதிக்குள் கொண்டுபோனது. புதிதாக ஓய்வூதியம் கொடுக்க அந்தப் பணம் இனி இல்லை என்றானது. டெப்ட்ஃபோர்டில் இருந்த டிரினிட்டி ஹவுஸின் இன்னொரு ஆம்ஸ்ஹவுஸ் 1870-களில் இடிபட்டது. அடுத்தது மைல் எண்டு என்று வந்ததில் ஆச்சரியமில்லை.

நிர்வாகிகளின் வாதத்தைக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியாது. கட்டடம் பழசு, சுகாதார வசதி போதாது, பழுது பார்த்து மாளாது. இடத்தை விற்றால் நல்ல விலை கிடைக்கும், அந்தப் பணத்தை வெளியில் இருப்பவர்களுக்கு ஓய்வூதியமாகக் கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்த அறங்காவலரும் இந்த இடத்துக்கு வந்து சேர்வார். 1895-ல் அந்தத் திட்டம் வந்தது.

எதிர்த்தவர்கள் எதைக் கவனித்தார்கள்

அதே சாலையில் கிழக்கே எசெக்ஸ் ஹவுஸில் சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் ஒரு கைவினைக் கூட்டுறவை நடத்திவந்தார். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அவருக்கு ஒரு அடி விழுந்திருந்தது. பிராம்லியில் 1606-ல் கட்டிய அழகான பழைய மாளிகை ஒன்றைப் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக இடித்தார்கள். இடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆர்வலர்களுக்கே விஷயம் தெரிந்தது. ஓர் அறையின் மரவேலையும் நெருப்பிடமும் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. என்ன இருக்கிறது என்ற பட்டியலே யாரிடமும் இல்லை, பிறகு எப்படிக் காப்பாற்றுவது? 1894-ல் அவர் ஒரு குழுவைச் சேர்த்து, லண்டனின் பழைய கட்டடங்களைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்த வேலை நடக்கும்போதுதான் மைல் எண்டுச் செய்தி வந்தது.

அவர்கள் கண்ட முதல் உண்மை சங்கடமானது. பழம்பொருள் சட்டம் இதற்கு உதவாது. 1882-ல் வந்த பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களையும் மண்மேடுகளையும் பற்றியது. ஆட்கள் குடியிருக்கும் வீடு அதற்குள் வராது. அழகு, பழமை என்று எவ்வளவு சொன்னாலும் சொந்தக்காரரைத் தடுக்க அதில் ஒரு வரி கிடையாது.

இரண்டாவது உண்மையில்தான் வழி இருந்தது. அது தருமச் சொத்து. தரும நிலத்தை விற்க வேண்டுமென்றால், 1853-ல் ஏற்பட்ட அறக்கொடை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆணையம் கேட்கும் கேள்வி ‘கட்டடம் அழகானதா’ என்பது அல்ல, ‘இந்த விற்பனை தருமத்துக்கு நல்லதா’ என்பது. ஆக, கட்டடத்தைக் காப்பாற்ற நினைப்பவர் கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. கட்டடமே தருமத்தின் பகுதி என்று காட்ட வேண்டும்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதலில் அளவெடுத்தார்கள். வீடுகள், முகப்புகள், தேவாலயம், கப்பல் சிற்பம் வரை வரைந்து, வரலாற்றைச் சேர்த்து, 1896-ல் ஒரு தனி நூலாக அச்சிட்டார்கள். குழுவின் முதல் தனி நூல் அதுதான். கூச்சல் போடுவதற்கு முன் ஆவணம் தயாரித்தது நல்ல முடிவு. இடிக்கக் கூடாது என்று யாரும் எழுதலாம். எது இடிபடப் போகிறது என்று ஜன்னல் ஜன்னலாகக் காட்டினால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அடுத்து ஆள் சேர்த்தார்கள். வில்லியம் மாரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும், பழைய இடங்களைக் காக்க 1895-ல் அப்போதுதான் பிறந்திருந்த நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பும் துணைக்கு வந்தன.

மூன்றாவதாக வாதத்தைத் திருப்பினார்கள். ஓய்வூதியம் கொடுத்தால் ஒரு கிழவர் எங்கேயோ ஒரு வாடகை அறையில் தனியாக இருப்பார். இங்கே எதிரும் புதிருமாகக் கதவுகள். ஒருவர் கதவு காலையில் திறக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். சுற்றியிருந்தவர்களும் கடலோடிகள், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. மூச்சுவிட இடமில்லாத ஈஸ்ட் எண்டில் அந்தப் புல்தரையும் மரமும் தெருவில் போகிறவர்களுக்கும் கொடைதான். இந்த வாதத்தை அவர்கள் சொன்ன நடையில் விக்டோரியா காலத்து உணர்ச்சி கொஞ்சம் அதிகம். ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் சரி. பணத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் அண்டை வீட்டார் கிடைத்துவிட மாட்டார்.

ஒரு தவறும் நடந்தது. ரென் பெயருக்கு இருந்த மதிப்பு அப்படி, அது வாதத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இல்லாமலே கட்டடம் போதுமான அளவு பேசும்.

என்ன நடந்தது

ஆணையம் ஒப்புதல் தரவில்லை. திட்டம் அதோடு நின்றது, வீடுகள் நின்றன, குடியிருந்தவர்கள் இருந்தார்கள்.

பதிவுக் குழுவின் வேலை இதனால் வேகம் பிடித்தது. லண்டன் மாநகர மன்றம் துணைக்கு வந்தது, பகுதிவாரி நூல்கள் 1900-லிருந்து வரத் தொடங்கின. அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. இப்போது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடக்கிறது.

இதே நேரத்தில் ஷோர்டிச்சில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். அங்கே இரும்பு வணிகர் சங்கம் 1714-ல் கட்டிய ஜெஃப்ரி ஆம்ஸ்ஹவுஸ், கிட்டத்தட்ட இதே மூன்றுபக்க வடிவம். நெரிசலான இடத்தில் முதியவர்களை வைத்திருப்பது சரியில்லை என்று சங்கம் அவர்களை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனது. பழைய கட்டடத்தை மாநகர மன்றம் வாங்கி 1914-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அங்கே குடியிருந்தவர்களும் கட்டடமும் தனித்தனியாகப் பிழைத்தார்கள். மைல் எண்டில் சேர்ந்தே பிழைத்தார்கள், கொஞ்ச காலம்.

குரோய்டனில் விட்கிஃப்ட் கட்டடம் சாலை அகலப்படுத்தும் திட்டத்தில் பலமுறை மாட்டிக்கொண்டு, கடைசியாக 1923-ல் பிரபுக்கள் சபைவரை போய்த் தப்பியது. இன்று அதன் சுவரை ஒட்டி டிராம் ஓடுகிறது. உள்ளே முதியவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு

இரண்டாம் உலகப் போரில் மைல் எண்டு தேவாலயம் குண்டுவீச்சில் அடிபட்டது, பின்பக்கம் இருந்த பிற்காலக் கட்டடங்கள் அழிந்தன. போருக்குப் பின் டிரினிட்டி ஹவுஸ் இடத்தை விட்டு விலகியது. லண்டன் மாநகர மன்றம் அதை எடுத்துக்கொண்டு 1950-களில் சீர்செய்தது. கட்டடப் பட்டியலில் முதல் தரம் கொடுத்தார்கள், அதாவது இனி அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. 1895-ல் இல்லாத சட்டம் இப்போது வந்துவிட்டது. ஆனால் மாலுமிகள் இல்லை. வீடுகள் மன்றத்தின் சாதாரணக் குடியிருப்பாக மாறின. பின்னாளில் சில தனியாருக்கும் போயின. டிரினிட்டி ஹவுஸின் முதிய மாலுமிகளுக்கான வீடுகள் இப்போது கென்ட் கடற்கரையில் வால்மர் ஊரில் இருக்கின்றன.

ஒரு பட்டியல் எதைக் காக்கும் என்பது அதே தெருவில் தெரிந்தது. கேப்டன் ஜேம்ஸ் குக் குடியிருந்த வீடு மைல் எண்டு சாலையில்தான் இருந்தது. உலகத்தையே சுற்றிவந்தவரின் வீடு. அதை 1959-ல் இடித்துவிட்டார்கள். பெயர் தெரியாத 28 பேருக்குக் கட்டிய வீடு நின்றது.

மறுபடி இப்படி ஒன்று வந்தால் எதை மாற்றுவேன்

ஓய்வூதியமா, வீடா என்ற கேள்வியை முதலில் அங்கே இருப்பவர்களிடம் கேட்பேன். நிர்வாகியும் கலைஞரும் ஆணையரும் பேசுவதற்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவர் பேசட்டும். படி வேண்டாம், கீழே ஒரு கைப்பிடிக் கம்பியும் நல்ல கழிப்பறையும் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால், சுகாதாரக் குறை என்ற வாதத்துக்கே இடம் குறைந்திருக்கும். இடிப்பை நிறுத்தும் போராட்டம் பழுதுபார்க்கும் பணத்துக்கும் சேர்த்து நடந்திருக்க வேண்டும். நிறுத்துவது ஒரு நாள் வேலை, பழுதுபார்ப்பது இருநூறு ஆண்டு வேலை.

அடுத்தது, கட்டடத்தையும் அதன் நோக்கத்தையும் ஒரே ஆவணத்தில் கட்டிவைப்பேன். 1896-ல் தருமச் சட்டம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவைத்தது. 1950-களில் கட்டடச் சட்டம் செங்கல்லை மட்டும் பிடித்துக்கொண்டது. முன்னதில்தான் பலம் அதிகம் என்பது என் கருத்து. பிரிட்டனில் இன்றும் சுமார் 1,600 அறக்கட்டளைகள் ஆம்ஸ்ஹவுஸ் நடத்துகின்றன, ஏறத்தாழ 36,000 பேர் அவற்றில் இருக்கிறார்கள். பழசாக இருப்பதால் அவை காப்பாற்றப்படவில்லை. ஆள் இருப்பதால் கட்டடமும் இருக்கிறது. ஆள் போன பிறகு அதே சுவரை வைத்துக்கொண்டு வேறு எதையும் செய்யலாம்.

ரென் பெயரை இழுக்க மாட்டேன், ஆக்போர்னே போதும்.

மைல் எண்டில் இன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கல்வெட்டு இன்னும் தெரிகிறது. 28 நொடித்துப்போன கேப்டன்கள் இங்கே பராமரிக்கப்படுகிறார்கள் என்று நிகழ்காலத்தில்தான் எழுதியிருக்கிறது. அதை யாரும் இதுவரை திருத்தவில்லை.